ஆறட்டும் என்ற அத்தான்

என் அத்தான் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஊர் இதை அவருடைய பெருமையாகச் சொல்லும். நான் குற்றமாகச் சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருசன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற டக் படகில் வேலை. எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவில், நடுவில் ஒரு தகர வேலி. என் வீட்டுச் சண்டை முழுவதும் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் வீட்டிலிருந்து எனக்குக் கேட்டது, கோப்பையில் கரண்டி சுழலும் சத்தம் மட்டும்தான்.

அது அவர் தேத்தண்ணியை ஆற்றுகிற சத்தம். சூடாக ஒரு நாளும் குடிக்க மாட்டார். அக்கா அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு கொண்டுவந்து வைப்பாள். அவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆறட்டும்" என்று தள்ளி வைப்பார். மேலே ஏடு படிந்து, எறும்பு விளிம்புக்கு வந்த பிறகு எடுத்துக் குடிப்பார். குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். பார்த்தவர்கள், என்ன மனுசன், பெண்சாதிக்கு ஒரு கோப்பை கழுவும் வேலைகூட வைக்கிறாரில்லை என்றார்கள்.

தேத்தண்ணியோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? அவருக்கு எல்லாமே ஆற வேண்டும். ஒரு கலியாண வீட்டில் அவருடைய தாய், பந்தியில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படியாக, என் அக்காவின் வயிற்றைப் பற்றி ஒரு கதை சொன்னா. அக்கா இலையை மடித்துவிட்டு எழும்பி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவரிடம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். "இப்ப வேண்டாம். நீர் சூடாய் இருக்கிறீர். ஆறட்டும், பிறகு கதைப்பம்" என்றார். பிறகு என்பது அந்த வீட்டில் ஒரு நாளும் வந்ததில்லை.

கவனியுங்கள், "நீர்" என்பார். எவ்வளவு மரியாதை. என் மனுசன் கோபம் வந்தால் என்னை நீ, வா, போ என்பார், அதற்கு மேலும் சொல்வார். நானும் விடுவதில்லை. பின்னேரம் பாண் விற்கிற ஓட்டோ ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது மீன் வைத்த மாலுபாண் இரண்டு வாங்கி வந்து மேசையில் வைப்பார். அதோடு முடிந்தது. எங்களைப் பார்த்து ஊர் சிரித்தது. அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

அக்கா அழத் தொடங்கினால் அத்தான் கதிரையை இழுக்காமல் தூக்கி வைத்து மெதுவாக எழும்புவார். வெளியே போய்ச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, எண்ணெய்த் துணியால் கம்பி கம்பியாகத் துடைப்பார். உள்ளே அழுகை ஓயும்வரை வெளியே சக்கரம் சுற்றும். எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு மினுக்கமான சைக்கிள் வேறு இல்லை.

என் மனுசன் அதை வைத்துப் பகிடி விடுவார். "அத்தான்ர சைக்கிள் இண்டைக்கு வெயிலுக்குக் கண்ணைக் குத்துது. கொக்கா என்ன கேட்டவ?" கொக்கா என்றால் உன் அக்கா.

நியாயமாகவும் ஒன்றைச் சொல்லவேண்டும். கடலில் அவர் அப்படி இருந்ததால் ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். ஒரு முறை காற்றுக்குள் கப்பலைக் கட்டும்போது பெரிய வடம் இறுகி, முறுகிக் கத்தத் தொடங்கியிருக்கிறது. அறுந்து வந்தால் மனிதனை இரண்டாக வெட்டும். அது வீசுகிற இடத்திலேயே ஒருவர் விறைத்துப்போய் நின்றிருக்கிறார். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். கத்தியிருந்தால் அந்த ஆள் பயத்தில் பிழையான பக்கம் பாய்ந்திருப்பார். அத்தான் நடந்துபோய், பின்னால் சட்டையைப் பிடித்து அவரை விலக்கிக்கொண்டு, மற்றக் கையால் இளக்கச் சொல்லிச் சைகை காட்டினாராம். தப்பிய ஆளே என் வீட்டுக்கு வந்தபோது சொன்னார். "அவற்ற உடம்பில ரத்தம் இல்லை அக்கா. தண்ணிதான் ஓடுது."

நான் நம்புகிறேன். வடம் இறுகினால் இளக்க வேண்டும், இளக்கிவிட்டு விலகி நிற்க வேண்டும். வடத்துக்கு அது சரி. என் அக்கா வடம் இல்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் குடும்பங்களின் ஞாயிறு என்று ஒன்று வைத்தார்கள். பங்கில் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல குடும்பத்தைத் தெரிவு செய்து பரிசு கொடுப்பார்கள். அந்த முறை அக்காவும் அத்தானும். காரணம் என்ன தெரியுமா? இவ்வளவு காலமாக அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வெளியே கேட்டதில்லையாம். பூசை முடிந்ததும் இருவரையும் முன்னுக்குக் கூப்பிட்டு ஒரு சுவர் மணிக்கூடு கொடுத்தார்கள். பங்குச் சுவாமி ஒலிவாங்கியை அக்காவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். இப்பிடி ஒரு மனுசன் கிடைச்சதுக்கு என்னம்மா சொல்லுறீங்கள் என்று கேட்டார்.

அக்கா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சொன்னாள்.

"ஒருக்கா என்னை ஏசச் சொல்லுங்கோ சுவாமி, இவரை."

கோயில் முழுவதும் சிரித்தது. சுவாமியும் வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தானும் எல்லோரோடும் சேர்ந்து அளவாகச் சிரித்துவிட்டு மணிக்கூட்டை வாங்கிக்கொண்டார். ஏசுகிறவன் உன்னைப் பார்த்துத்தான் ஏச வேண்டும், அதற்காகவாவது உன் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அங்கே சிரித்த ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்று பின்னேரம் சைக்கிள் துடைக்கப்பட்டது.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை இனிச் சொல்கிறேன்.

அதற்குப் பல வருசம் முன்னர் அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. சண்டைக் காலம், ஊரடங்கு. நான் அப்போது மூதூரில் இருந்தேன், படகு ஓடவில்லை. ஆசுப்பத்திரியில் மத்தியானம் வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு உயிர் இருந்தது. ஒரு தாதி அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாளாம். அக்கா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஊரடங்கைத் தளர்த்திய கொஞ்ச நேரத்துக்குள் அத்தான் ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, கோயிலில் மணி அடிக்கிற கிழவரோடு சேமக்காலைக்குப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். எங்கள் ஆட்களை எல்லாம் அடக்குகிற இடம் அதுதான், கடற்கரைப் பக்கம். சிலுவை நட நேரம் இருக்கவில்லை. மணி அடித்த கிழவரும் அதற்கடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார். ஆகவே இடம் தெரிந்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு.

அக்காவுக்கு நினைவு திரும்பியதும் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் சூப் கொண்டுவந்த போத்தலைத் திறந்து, கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றிக்கொண்டே சொன்னாராம்.

"நீர் படுத்திரும். முதல்ல உடம்பு ஆறட்டும். பிறகு காட்டுறன்."

உடம்பு ஆறியது. அவர் காட்டவில்லை. அதற்குப் பிறகு வயிற்றில் பிள்ளையும் தங்கவில்லை. அவள் கேட்பாள், கேட்கும்போதே குரல் உடையும். குரல் உடைந்தால் அவருக்கு அது ஆறாத அடையாளம். எழும்பிப் போய்விடுவார். அழாமல் கேட்டால்தான் பதில். பெற்றவள் அதை எப்படி அழாமல் கேட்பாள்?

கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள். அவரவர் தங்கள் கல்லறைகளுக்குக் கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்பி, மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சேமக்காலையின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் கொளுத்துவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெண்சாதிமார், சண்டைக் காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார். அவர்களோடு என் அக்காவும். அவர்களுக்கு இடத்தைச் சொல்ல ஆள் இல்லை. அக்காவுக்குச் சொல்லக்கூடிய ஆள், அவளுக்குப் பக்கத்திலேயே அவள் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மெழுகுதிரியைப் பார்க்க மாட்டேன். அவருடைய கண்ணைப் பார்த்தபடி நிற்பேன். எந்தப் பக்கம் திரும்பும், எந்த மூலையில் ஒரு கணம் நிற்கும் என்று. அப்படியாவது இடத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வருசமும் அந்தக் கண் அசையவில்லை. அப்படி ஒரு ஆள் அவர்.

பிறகு ஒரு ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசித்தார்கள். சேமக்காலை நிரம்பிவிட்டது, பழைய மூலையில் சிலுவையோ கல்லறையோ இல்லாத நிலத்தைக் கிண்டித் திருத்தப் போகிறோம், அங்கே உங்கள் ஆட்கள் யாராவது இருந்தால் பாஸ்குத் திருநாளுக்கு முன்னர் வந்து இடத்தைக் காட்டிச் சிலுவை நட்டுவிடுங்கள். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து முழுதாகத் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று நான் துவைத்த உடுப்போடு வேலியடியில் நின்றேன். ஒட்டுக்கேட்கத்தான் நின்றேன்.

"இப்பவாவது காட்டுங்கோ" என்றாள் அக்கா. "மண்ணைக் கிண்டப் போகினம்."

"ஓம், காட்டுறன். பாஸ்குவுக்கு இன்னும் நாள் கிடக்கு. நீர் இப்ப கலங்கிப் போயிருக்கிறீர். ஆறட்டும்."

அடுத்த சத்தம் சைக்கிளைக் கவிழ்க்கிற சத்தம். நான் உடுப்பைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். போன வேகத்தில் வேலிப் படலை கழன்றுவிட்டது. இடத்தை எனக்காவது சொல்லுங்கோ அத்தான், நான் அவளைக் கூட்டிக்கொண்டு போறன் என்றேன்.

"கத்தாதேங்கோ பிள்ளை. சனம் கேக்கும்."

"கேக்கட்டும். எங்க எண்டு சொல்லுங்கோ."

"கொக்கா தாங்கமாட்டா."

"அப்ப இவ்வளவு காலமும் அவ செய்ததுக்கு என்ன பேர்? அவ தாங்கமாட்டாவோ, அவ அழுறதைப் பாத்துக்கொண்டு நிக்க உங்களுக்கு ஏலாதோ?"

துணி பிடித்த கை நின்றது. எனக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன், உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். அவர் அடுத்த கம்பியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே, எனக்கில்லாமல் சக்கரத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்கட பரம்பரைக்கு வேண்டிய கத்தல் எல்லாத்தையும் அப்பா கத்தி முடிச்சிட்டார், பிள்ளை."

அவருடைய தகப்பனைப் பற்றி எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து தாயை முற்றத்தில் இழுத்து அடிக்கிற மனுசன். சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சத்தம் என்றால் அடி என்று படிந்துவிட்டது. சரி. அது காரணம். அதைச் சொல்லி என் அக்காவிடமிருந்து அவளுடைய பிள்ளையை மறைக்க முடியாது. தகப்பன் கையால் அடித்தான். இவர் கையைக் கட்டிக்கொண்டு அடித்தார். எது கூடுதலாக நொந்தது என்று என்னைக் கேட்டால், அவருடைய தாயாவது தன் நோவைக் காட்டி அழுதா, ஊர் வந்து விலக்குப் பிடித்தது.

சுவாமியின் வீட்டுக்குப் போனேன். சேமக்காலையைப் பார்க்கிறவர்களிடமும் போனேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். அவரே வந்து காட்டட்டும், பொறுப்பான மனுசன், வராமல் விடமாட்டார். அந்த நல்ல பெயர் எனக்கு முன்னால் கதவாக நின்றது. இதே காரியத்தை ஒரு குடிகாரன் செய்திருந்தால், நாலு பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வைத்திருப்பார்கள்.

தவக்காலம் முழுவதும் சைக்கிள் மினுங்கியது. பாஸ்குவும் வந்து போனது.

அதன் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. அத்தானுக்கு அன்று வேலை, அவர் வரவில்லை. அக்காவும் நானும் சேமக்காலைக்குப் போனோம். பெட்டியை இறக்கியது பழைய மூலையில். அந்த மூலை மூலையாகவே இல்லை. கிண்டி, மட்டப்படுத்தி, புது மண் போட்டு, சீமெந்துக் கட்டு வைத்து வரிசை பிரித்திருந்தார்கள். மற்றவர்கள் செத்தவருக்கு மண் போட்டார்கள். அக்காவும் ஒரு பிடி அள்ளினாள். அதைப் போடாமல் கைக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழவில்லை. அடுத்த நாளும் இல்லை. சோறு போட்டாள், சட்டை மடித்தாள். அவர் அதைக் கவனித்திருக்கிறார். கவனித்து என்ன விளங்கிக்கொண்டார் என்றால், ஆறிவிட்டது என்று. இவ்வளவு காலமும் அவர் காத்திருந்தது அதற்குத்தானே. காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து சொன்னார்.

"வாரும். காட்டுறன்."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நிலத்தைக் கிண்டிவிட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் போனேன்.

சேமக்காலைக்குள் அவர் நேராக நடந்தார். வழி தேடவில்லை. கால்கள் அந்த இடத்தை மறக்கவில்லை. அங்கே போய் நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "இதில ஒரு பூவரசு நிண்டது" என்றார். பூவரசைத் தறித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார். சப்பாத்தால் மண்ணைக் கிளறினார். "இதில நிண்டது. அதுக்குக் கிழக்கால, மதில் பக்கமாய்..." மதிலையும் தள்ளிக் கட்டியிருந்தார்கள். "இதில..." என்று மூன்றாம் முறை சொல்லும்போது அவருடைய வாய் கோணியது.

பிறகு அவர் கத்தினார். அழுகை என்று சொல்ல முடியாது. வடம் இறுகும்போது வருகிற சத்தம். யாரோ ஒருவருடைய கல்லறைக் கட்டின் மேல் குந்தி, இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை, பிள்ளை என்று கத்தினார். எங்கள் யாருக்கும் காட்டாமல் அவர் அந்தப் பிள்ளையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. விளங்கியது, அவ்வளவுதான். இரக்கம் வரவில்லை. அதில் பாதியை ஆசுப்பத்திரிக் கட்டிலடியில் அழுதிருந்தால் என் அக்கா அவரைக் கட்டிப்பிடித்து மற்றப் பாதியை அழுதிருப்பாள்.

அக்கா அவரை அடிப்பாள், அல்லது தலையை மடியில் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் குடையை விரித்தாள். அவர் ஆத்துமாக்கள் திருநாளில் அவளுக்குக் குடை பிடித்ததுபோல, கொஞ்சம் விலகி நின்று, அவர் தலைக்கு நேராகப் பிடித்தாள். அவர் ஓயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "வெயில் ஏறுது. எழும்புங்கோ."

அதற்குப் பிறகு அத்தான் மாறிப்போனார். சைக்கிளைத் தொடவில்லை, சங்கிலி துருப்பிடித்தது. கதைக்க ஆசைப்பட்டார். அந்த நாளைப் பற்றி, பெட்டியைப் பற்றி, பிள்ளையின் கைவிரல் எப்படி இருந்தது என்பதைப் பற்றி. அக்கா குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள். கோபமாக அல்ல. கதிரையை இழுக்காமல் தூக்கி வைத்துவிட்டு, மெதுவாக. அவர் வேலியடிக்கு வந்து என்னிடம் முறைப்பாடு சொல்வார். கொக்கா ஒண்டும் கதைக்கிறா இல்லை, பிள்ளை. நான் என் வேலையைப் பார்த்தேன். ஊர் உடனே பக்கம் மாறியது. பாவம் அந்த மனுசன், அவ என்ன நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். மணிக்கூடு கொடுத்த அதே வாய்கள்.

ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய குரல் கேட்டது. 

"ஒருக்கா என்னை ஏசும். என்னவெண்டாலும் சொல்லி ஏசும்."

கோப்பை மேசையில் வைக்கப்பட்டது.

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ" என்றாள் அக்கா.

அத்தான் நித்திரையிலேயே போனார். செத்தவீட்டில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனுசன். அக்கா அழவில்லை. புருசனைப் போலவே பொறுமை என்று அவளையும் மெச்சினார்கள். எனக்கு எழும்பி நின்று கத்த வேண்டும் போல இருந்தது. என் மனுசன் கையைப் பிடித்து இருத்தினார்.

துறைமுகத்து ஆட்கள் சேர்ந்து அவருக்கு நல்ல கல்லறை கட்டிக் கொடுத்தார்கள். கறுத்தக் கல், எழுத்தெல்லாம் வெட்டி, தூரத்திலிருந்தே தெரியும். அதற்கு வெள்ளை மணல் போடுவதும் மெழுகுதிரி கொளுத்துவதும் நான்தான். கோபத்தோடுதான் கொளுத்துகிறேன். ஆத்துமாக்கள் திருநாளில் அக்கா வருவாள். நேரே நடுச் சிலுவைக்குப் போய், கடலுக்குப் போனவர்களின் பெண்சாதிமாரோடும் காணாமல் போனவர்களின் தாய்மாரோடும் நின்று, தன் ஒற்றை மெழுகுதிரியைக் கொளுத்துவாள்.

நான் அவளுடைய கண்ணைப் பார்த்தபடி நிற்பேன். அவருடைய கல்லறைப் பக்கம் ஒரு கணமாவது திரும்புகிறதா என்று. இதுவரை திரும்பவில்லை.